வித்தவுட் புராணம்

காப்பு

எந்தப் புராணத்தையும் பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தப் புராணத்தில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. டிக்கெட் எடுக்காமல் ரயிலேறுகிறவனும் "பிள்ளையாரப்பா, செக்கர் கண்ணில் படக் கூடாது" என்று வேண்டிக்கொள்கிறான். அவனைப் பிடிக்கக் கிளம்பும் டி.டி.ஆரும் "பிள்ளையாரப்பா, இன்றைக்கு நாலு பேராவது மாட்ட வேண்டும்" என்று அதே சந்நிதியில் வேண்டிக்கொள்கிறார். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல்தான் அவர் பல ரயில் நிலையங்களில் உள்ளே வராமல் வாசலோடு உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. அவரைத் தொந்தரவு செய்யாமல் நேராகக் கதைக்குப் போவோம்.

வித்தவுட்டில் போவது நம் நாட்டு ஆட்கள் பழகிப் பழகி மெருகேற்றிய கலை என்று நம்மில் சிலருக்கு ரகசியப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைக் குலைப்பதற்கு மன்னிக்கவும். ரயிலைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் கையோடு அதையும் கண்டுபிடித்துவிட்டான். அவனிடமிருந்து நாம் ரயிலை வாங்கினோம், சட்டத்தை வாங்கினோம், சட்டத்தை ஏய்க்கிற வித்தையை மட்டும் சொந்தமாகச் செய்துகொண்டோம் என்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

சீட்டு பிறந்த படலம்

1830-களில் இங்கிலாந்தில் ரயில் பரவத் தொடங்கியபோது, டிக்கெட் என்பது குமாஸ்தா கையால் எழுதிக் கிழித்துத் தரும் துண்டுக் காகிதம். குதிரை வண்டிக் காலத்துப் பழக்கம். பத்துப் பேர் ஏறும் வண்டிக்கு அது போதும். நூற்றுக்கணக்கான பேர் ஜன்னல் முன்னால் முண்டியடிக்கும்போது குமாஸ்தா ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டிருந்தால் ரயில் அவருக்காகக் காத்திருக்குமா? எனவே சிலருக்கு எழுதினார், சிலருக்கு எழுதவில்லை. காசை மட்டும் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டார். எழுதிய காசு கம்பெனிக்கு, எழுதாத காசு குமாஸ்தாவுக்கு என்று ஒரு நியாயமான பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது.

இதைக் கெடுக்க அவதாரம் எடுத்தவர் தாமஸ் எட்மண்ட்சன். லாங்காஸ்டரில் 1792-ல் பிறந்தவர். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். மேஜை நாற்காலி செய்யும் தச்சுத் தொழில் நடத்தி, நொடித்து, திவாலாகி, 1836-ல் நியூகாசில்-கார்லைல் பாதையில் மில்டன் என்ற சின்ன நிலையத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டராக வந்து சேர்ந்தார். சொந்தக் கணக்கில் திவாலானவர் கம்பெனிக் கணக்கை ஒழுங்குபடுத்தக் கிளம்பியதைப் பார்த்துச் சக ஊழியர்கள் சிரித்திருப்பார்கள். அதிக நாள் சிரிக்க முடிந்திருக்காது.

அவர் செய்தது ஒன்றே ஒன்று. சின்ன அட்டைகளை அச்சடித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் போட்டார். காலையில் அடுக்கின் மேலே இருந்த எண் என்ன, இரவில் இருக்கும் எண் என்ன? கழித்துப் பார்த்தால் விற்றது எத்தனை என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்குக்கு உள்ள பணம் கல்லாவில் இருக்க வேண்டும். பிறகு அட்டையில் தேதியை அழுத்திப் பதிக்கும் ஒரு கருவியும் வந்தது. கவுன்டருக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, சூடாக ஓர் அட்டை வெளியே வருமே, கம்ப்யூட்டர் வரும்வரை நம் ஊர் நிலையங்களிலும் கேட்ட அதே சத்தம்தான்.

அவர் வேலை பார்த்த கம்பெனி இதைப் பெரிதாகச் சீந்தவில்லை. மான்செஸ்டர்-லீட்ஸ் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. மற்ற கம்பெனிகளுக்கு இந்த முறையை ஒரு மைல் பாதைக்கு வருஷத்துக்கு 10 ஷில்லிங் என்று வாடகைக்கு விட்டு, திவாலான தச்சர் சம்பாதித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. டிக்கெட் என்னும் அட்டை பிறந்தது பயணியின் திருட்டைப் பிடிக்க அல்ல, ரயில்வே ஊழியரின் திருட்டைப் பிடிக்க. பயணியின்மேல் சந்தேகம் வந்ததெல்லாம் பின்னால்தான். இதை டி.டி.ஆரிடம் மாட்டும்போது சொல்லிப் பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது.

சட்டம் போட்ட படலம்

டிக்கெட் வந்த பிறகு டிக்கெட் இல்லாதவர்களும் வந்தே ஆக வேண்டும். 1845-லேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவர்களுக்கு அபராதம் 40 ஷில்லிங் வரை என்று எழுதிவிட்டது. 1889-ல் ஒரு திருத்தமான சட்டம். முதல் தடவை மாட்டினால் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு வரை. மறுபடி மாட்டினால் 20 பவுண்டு வரை, அல்லது ஒரு மாதம் உள்ளே.

பார்த்தால் எளிமையான சட்டம். ஆனால் அதற்குள் ஒரு முள் இருந்தது. பயணி கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு ஏறியிருக்க வேண்டும். டிக்கெட் இல்லை என்பது மட்டுமே குற்றமாகாது, மனசுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். சட்டைப் பையைச் சோதிக்க வந்த செக்கர், உள்ளத்தையும் சோதிக்க வேண்டியதாயிற்று. சித்தர்களுக்கே கஷ்டமான காரியம், மாதச் சம்பளக்காரரால் ஆகுமா?

இங்கே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடிவிட்டது. அங்கே சட்டம் போட்ட அடுத்த வருஷமே, 1890-ல், இங்கேயும் இந்திய ரயில்வே சட்டம் வந்து இறங்கியது. சுதந்திர இந்தியா அதற்குப் பதில் 1989-ல் புதுச் சட்டம் போட்டது. அதில் இரண்டு பிரிவுகள் நம் புராணத்துக்கு முக்கியம். 137-வது பிரிவு ஏமாற்றும் நோக்கத்தோடு ஏறியவனுக்கு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 138-வது பிரிவு நோக்கமே கேட்காது. டிக்கெட் இல்லையா, கட்டணத்தைக் கட்டு, அதற்கு மேல் இன்னொரு கட்டணம் அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அதைக் கட்டு. போர்டுகளில் நாம் பார்த்துப் பழகிய 250 அதுதான்.

138-ல் ஒரு காவியச் சுவை உள்ள வரி இருக்கிறது. ஆசாமி எங்கே ஏறினான் என்பதில் சந்தேகம் வந்தால், ரயில் புறப்பட்ட இடத்திலிருந்தே அவன் வந்ததாகக் கணக்கு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் செங்கல்பட்டில் ஏறி எழும்பூரில் இறங்கும்போது மாட்டியவன், தான் செங்கல்பட்டு ஆசாமி என்று நிரூபிக்க முடியாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவன் முக்கடலும் சங்கமிக்கும் இடத்திலிருந்து வந்தவன். "சார், நான் கன்னியாகுமரியைப் பார்த்ததே இல்லை சார்" என்று அழுதாலும் பயனில்லை. ஒரே ஒரு தயவு உண்டு. வழியில் திருச்சியில் எல்லார் டிக்கெட்டையும் சோதித்திருந்தால், திருச்சியிலிருந்து கட்டினால் போதும். அதாவது, தன்னைப் பிடிக்காமல் விட்ட முந்தைய செக்கருக்கு அவன் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன்.

சீட்டிருந்தும் இறங்கிய படலம்

டிக்கெட் இல்லாதவர்களையே பாடிக்கொண்டிருந்தால் புராணம் ஒருதலைப்பட்சமாகிவிடும். டிக்கெட் எடுத்தும் வண்டியிலிருந்து தள்ளப்பட்டவர் ஒருவர் உண்டு. 1893 ஜூனில் டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் போன இளம் வக்கீல் காந்தி. முதல் வகுப்பு டிக்கெட், கட்சிக்காரர் தாதா அப்துல்லா எடுத்துக் கொடுத்தது. படுக்கைக்குத் தனியாக 5 ஷில்லிங் என்றபோது அதை மிச்சம் பிடித்தவர் காந்தி. மிச்சம் பிடிக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் சக பயணி ஒருவர் இவர் நிறத்தைப் பார்த்தார், அதிகாரிகளை அழைத்து வந்தார். சாமான் பெட்டிக்குப் போ என்றார்கள். டிக்கெட் இருக்கிறதே என்றார் இவர். டிக்கெட்டை யார் கேட்டார்கள்? போலீஸ்காரர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், ரயில் போய்விட்டது. அங்கே பார்க்கப்பட்டது அட்டை அல்ல, முகம். டிக்கெட் எடுப்பதால் மரியாதை கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் படலத்தை இரண்டு தடவை படிக்கலாம். இறக்கிவிட்ட கம்பெனிக்கு அன்றைக்கு ஒன்றும் நஷ்டமில்லை. சாம்ராஜ்யத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்பது பின்னால் தெரிந்தது.

தத்துவ ஞானி மாட்டிய படலம்

இனி நம் புராணத்தின் நாயகர் எழுந்தருளுகிறார். சிரில் எட்வின் மிட்சின்சன் ஜோட். சுருக்கமாக ஜோட். தாடி, புகைக்குழாய், ஆக்ஸ்போர்டு படிப்பு, லண்டன் பர்க்பெக் கல்லூரியில் தத்துவத் துறைத் தலைவர். ஊரே 'புரொபசர் ஜோட்' என்றது. உண்மையில் அவர் ரீடர்தான், புரொபசர் பதவி அவருக்கு இருந்ததில்லை. இல்லாத டிக்கெட்டோடு பயணம் செய்வது அவருக்கு அப்போதே பழக்கமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. திருத்தணிப் பக்கத்துப் பிள்ளையான டாக்டர் ராதாகிருஷ்ணனின் தத்துவத்தை ஆங்கிலேயர்களுக்கு விளக்கி 1933-ல் 'கவுன்டர் அட்டாக் ஃப்ரம் தி ஈஸ்ட்' என்ற புத்தகமே எழுதினார். மாயை, கர்மம் எல்லாம் படித்தவர். கர்மவினையைப் பற்றி எழுதியவர் அதை எந்த நிலையத்தில் சந்திப்போம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

1941-ல் பிபிசி வானொலி 'பிரெய்ன்ஸ் டிரஸ்ட்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. நேயர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், அறிஞர்கள் உடனே பதில் சொல்வார்கள். உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, கப்பல் கதைகளை அளந்துவிடும் கமாண்டர் கேம்ப்பெல், நடுவில் ஜோட். குண்டு விழும் யுத்த காலத்தில் ஜனங்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் ஜோட் முதலில் சொல்வது, அந்தச் சொல்லுக்கு நீங்கள் என்ன அர்த்தம் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம் என்பதுதான். தெருவில் சிறுவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கும் அளவுக்குப் பிரபலம். பிரபுப் பட்டம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் இருந்தது.

அன்னாருக்கு ஒரு பொழுதுபோக்கு. ரயிலில் டிக்கெட் எடுக்க மாட்டார். காசு இல்லாமல் அல்ல. ரயில்வே கம்பெனியை ஏமாற்ற வாய்ப்புக் கிடைத்தால் தான் விடுவதில்லை என்று எழுதி அச்சிலேயே ஏற்றிவிட்டார். திருடன் வீட்டுச் சுவரில் தொழிலை எழுதிப் போட்டுக்கொண்ட மாதிரி. செக்கர்கள் தத்துவ நூல்கள் படிப்பதில்லை என்ற தைரியம்.

அவர் பழுத்த சோஷலிஸ்டு. ரயிலெல்லாம் தேசத்தின் சொத்தாக வேண்டும் என்ற கட்சி. 1948 ஜனவரி 1-ல் அந்த ஆசை நிறைவேறியது. பிரிட்டனின் ரயில்வே கம்பெனிகள் அரசுடைமையாயின. அது வரைக்கும் ஜோட் ஏமாற்றியது முதலாளிகளை. அதற்கு ஒரு சித்தாந்த நியாயமாவது கற்பிக்கலாம். இனி ஏமாற்றினால் பாட்டாளி வர்க்கத்தைத்தான் ஏமாற்ற வேண்டும். ஜோட் இந்தச் சித்தாந்தச் சிக்கலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாலே மாதத்துக்குள், லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸ்டர் போகும் ரயிலில் டிக்கெட் இல்லாமல் மாட்டி, ஏப்ரல் மாதம் கோர்ட்டில் குற்றவாளியானார்.

இங்கேதான் ஒரு மகத்தான சந்தர்ப்பம் வீணாயிற்று. "டிக்கெட் இருக்கிறதா ஐயா?" என்று செக்கர் கேட்டதும், "டிக்கெட் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்று அவர் ஆரம்பித்திருக்கலாம். சொல்லியிருந்தால் வழக்கு தோற்றாலும் சரித்திரம் ஜெயித்திருக்கும். ஏழு வருஷம் தேசத்துக்கே நியாயம் சொல்லப் பயிற்சி எடுத்த மனிதருக்கு, எக்ஸ்டர் ரயிலில் தன் பக்க நியாயம் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. நோக்கம் என்ன என்று சட்டம் கேட்டது. நோக்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதக்கூடியவர் பேந்தப் பேந்த விழித்தார்.

கோர்ட்டு விதித்த அபராதம் 2 பவுண்டு. பார்த்தீர்களா, 1889-ல் எழுதிய அதே 40 ஷில்லிங். அறுபது வருஷத்தில் எல்லா விலையும் ஏறியது, ஜோட் செய்த குற்றத்தின் விலை மட்டும் ஏறவில்லை. ஆனால் வழக்குச் செலவு 25 கினி, அதாவது 26 பவுண்டு 5 ஷில்லிங். பாவத்தைவிடப் பரிகாரத்துக்குச் செலவு அதிகம் என்பது நம் ஊர்க் கோயில்களுக்கு மட்டும் உரியது அல்ல.

அதோடு நிற்கவில்லை. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. பிபிசி கழற்றிவிட்டது. பிரபுப் பட்டம் வந்த வழியே திரும்பிப் போனது. உடம்பும் விழுந்தது. படுத்த படுக்கையில், ரொம்ப நாள் நம்பாமலிருந்த கடவுளிடம் திரும்பி, 1952-ல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, 1953-ல் காலமானார். இந்திய தத்துவம் படித்தவருக்கு முக்தி கிறிஸ்து வழியாகக் கிடைத்தது. நடுவில் வழிகாட்டியாக வந்தவர் ஒரு டிக்கெட் பரிசோதகர்.

பெரிய இடத்துப் படலம்

மனசைச் சோதிப்பது நடக்கிற காரியமில்லை என்று பிரிட்டிஷாருக்கு நூறு வருஷம் கழித்துப் புரிந்தது. 1989-ல் 'பெனால்டி ஃபேர்' என்று தனிச் சட்டம் போட்டார்கள். நோக்கம் எதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும், 10 பவுண்டை வை, போய்க்கொண்டே இரு. நம் 138-க்குத் தம்பி என்று சொல்லலாம்.

அந்த 10 பவுண்டை 2000 ஜனவரியில் லூட்டன் நிலையத்தில் கட்டியவர் செரி பிளேர். பிரதமரின் மனைவி என்பதை விடுங்கள், மூத்த வழக்கறிஞர், பகுதிநேர நீதிபதி. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் உலகமே படித்தது. 2012-ல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் சாதாரண டிக்கெட்டோடு முதல் வகுப்பில் உட்கார்ந்து, வித்தியாசத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. நாட்டின் செலவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அடுத்த பெட்டியில் போய் உட்கார மனசு வரவில்லை.

இவர்களெல்லாம் பிள்ளைப்பூச்சிகள். லண்டனின் ஒரு பெரிய நிதி நிறுவன உயரதிகாரி, கேட் வைக்காத ஸ்டோன்கேட் என்ற கிராமத்து நிலையத்தில் பயணக் கார்டைத் தேய்க்காமல் ஏறுவார். லண்டனில் இறங்கித் தேய்ப்பார். ஏறிய இடம் தெரியாத கார்டுக்கு மெஷின் பிடிக்கும் உச்சத் தொகை 7.20 பவுண்டு. உண்மைக் கட்டணம் 21.50. நம் சட்டமாக இருந்தால் ரயில் புறப்பட்ட ஊரிலிருந்து கட்டு என்றிருக்கும். இங்கிலாந்து மெஷினுக்கு அந்த ஞானம் இல்லை. வருஷக்கணக்கில் இப்படிப் போய், கடைசியில் மாட்டியபோது கட்டிய பாக்கி 42,550 பவுண்டு, செலவு 450. பணத்தை உடனே கட்டியதால் கோர்ட்டுக்கே போகவில்லை. 2014-ல் நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பு, இனி இந்தத் தொழிலில் பொறுப்பான பதவி கிடையாது என்று தடை போட்டது. கோடிகளை நம்பி ஒப்படைக்கும் தொழிலில் 14 பவுண்டு மிச்சம் பிடித்தவருக்கு அதுதான் கூலி.

சங்கப் படலமும் சிறைப் படலமும்

ஸ்வீடன்காரர்கள் நாகரிகமானவர்கள். திருட்டையும் சங்கம் வைத்துத்தான் செய்வார்கள். ஸ்டாக்ஹோமில் 2001-ல் தொடங்கிய 'பிளாங்கா டாட் நு' என்ற அமைப்பு, ஓசிப் பயணிகளுக்கு ஒரு நிதி வைத்தது. ஒரு காலத்தில் மாதம் 100 குரோனர் சந்தா. மாட்டினால் 1,200 குரோனர் அபராதத்தைச் சங்கமே கட்டியது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளைவிட நாணயமானது. பொதுப் போக்குவரத்தே இலவசமாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அது வரும்வரை காசு கொடுத்து இலவசமாகப் போனார்கள்.

ஜெர்மனியில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அங்கே டிக்கெட் இல்லாப் பயணத்தைக் குற்றவியல் சட்டத்தில் 1935-ல் சேர்த்தது நாஜி அரசு. ஹிட்லர் போனார், அந்தப் பிரிவு போகவில்லை. ஒரு வருஷம் வரை சிறை. அபராதம் விதித்தாலும் கட்ட முடியாதவன் அதற்கு ஈடாக உள்ளே இருக்க வேண்டும். 2021-ல் ஒரு பத்திரிகையாளர் 'விடுதலை நிதி' என்று ஒன்று தொடங்கி, நன்கொடை திரட்டி, அப்படி உள்ளே இருப்பவர்களின் அபராதத்தைக் கட்டி வெளியே கொண்டுவருகிறார். பெரிய இடத்துக்காரர் 42,550 பவுண்டைக் கட்டி நேராக வீட்டுக்குப் போனார். சில யூரோ டிக்கெட் எடுக்க வழியில்லாதவன் சிறைக்குப் போகிறான். எல்லா நாட்டுச் சட்டமும் எல்லாரையும் சமமாகத்தான் பார்க்கிறது, எல்லாரிடமும் பணத்தைத்தான் கேட்கிறது.

நூற்பயன்

இந்தப் புராணத்தைப் படித்தவர்க்கும் பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் படித்தவர்க்கும் உண்டாகும் பலனாவது:

டிக்கெட் இல்லாமல் மாட்டினால் காரணம் சொல்லாதீர்கள். பாட்டி செத்தது, பர்ஸ் தொலைந்தது, ஃபோனில் சார்ஜ் போனது எல்லாம் டி.டி.ஆர். உங்களைவிட நன்றாகச் சொல்வார். தத்துவம் பேசாதீர்கள். அதை முழு நேரத் தொழிலாகச் செய்தவருக்கே கை கொடுக்கவில்லை. பணத்தைக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், எங்கே ஏறினீர்கள் என்பதற்கு ஏதாவது சான்று இருந்தால் காட்டுங்கள். அவசரத்தில் ஓடி வந்து ஏறுவதானால் ஏறும் முன்பே ரயில் கார்டிடம் சொல்லிவிடுங்கள். தானாக வந்து சொல்கிறவனுக்கும் கக்கூஸில் ஒளிந்திருப்பவனுக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கிறது.

டிக்கெட் எடுப்பது தர்மம், அதனால் எடுங்கள் என்று சொல்லும் யோக்கியதை இந்தப் புராணத்துக்கு இல்லை. சொல்ல வருவது ஒன்றுதான்: இதுவரை கண்டுபிடித்த எல்லா வழிகளிலும் அதுதான் மலிவு.